பற்கள் கொட்டிய இடம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தபோது எனக்கு உளவியலில் முதுகலைப் பட்டமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கர்வமும் இருந்தன. முதலுதவி அறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் தலைவலி மாத்திரை கேட்டுத்தான் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அவளும் மாத்திரைக்குத்தான் வந்தாள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவில் பல வருட அனுபவம். திமிரிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னா ஆச்சும்மா?" என்றேன்.

"கனவு மேடம். பல்லெல்லாம் ஒவ்வொண்ணா உள்ளங்கையில கொட்டுது. பல்லு விழுந்தா வீட்ல சாவுன்றாங்க. எங்கம்மாவுக்கு ஏற்கெனவே ஒடம்பு சரியில்ல. ஒரே பேஜாரா இருக்குது."

சோளிங்கர் மலையேறி வேண்டிக்கொண்டும் கனவு நிற்கவில்லையாம். பக்கத்து மெஷின்காரி ஒரு பலன் சொன்னாளாம், கேன்டீன் அக்கா சாவு என்றே சொல்லிவிட்டாராம்.

நானும் சொன்னேன். பல் விழுவது இழப்பைக் குறிக்கும், அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அப்படி வருகிறது என்று படித்ததை அழகாக எடுத்துச் சொன்னேன். அவள் "சரிங்க மேடம்" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள். வந்தபோது இருந்ததைவிட முகம் இன்னும் வாடியிருந்தது.

வேலூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு உறைத்தது. அவளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேன்டீன் அக்காவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் சாவு என்றார், நான் இழப்பு என்றேன். கனவு கண்டவள் அவள். அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

மறுநாள் டீ இடைவேளையில் கேன்டீனில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து சொன்னத விட்ரு. நான் அவசரப்பட்டுட்டேன். அந்தக் கனவுல நீ எங்க நிக்கற, அத சொல்லு."

டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "எங்கன்னா... இங்கதான் மேடம். தைக்கிற லைனுக்கு முன்னாடி. சூப்பர்வைசர் நிக்கற எடத்துல."

"பல்லு விழுந்ததும் இன்னா பண்ற?"

"வாய மூடிக்குவேன். எதிர்ல எல்லாரும் நிக்கறாங்க இல்ல?"

நாக்கின் நுனியில் ஒரு விளக்கம் தயாராக நின்றது. பெரும்பாடுபட்டு அதை விழுங்கிக்கொண்டேன். அவளே மெதுவாகச் சொன்னாள்.

"மேனேஜர் மூணு வாட்டி கேட்டாரு மேடம், சூப்பர்வைசரா வர்றியான்னு. அம்மாவுக்கு முடியல, அதான் வேணான்னேன். ஆனா நெஜக் காரணம் அது இல்ல. நான் ஒம்போதாவதுதான் படிச்சிருக்கேன். லைன்ல டிகிரி படிச்ச பொண்ணுங்கள்லாம் இருக்குதுங்க. வாய தொறந்தா சிரிப்பாங்கன்னு பயம்." பிறகு தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வதுபோல, "அவர் கேட்டதுக்கு அப்புறந்தான் இந்தக் கனவே வருது!" என்றாள்.

அர்த்தத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள். டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனாள், நேராக மேனேஜர் அறைக்கு.

அடுத்த வாரம் சூப்பர்வைசராக அவளுடைய முதல் காலைக் கூட்டம். நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தைத்த துண்டு ஒன்றை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த வளைவுல பாருங்க. இங்கதான் நூல் லூஸாவுது. வளைவு வந்தா மெஷின் வேகத்த கம்மி பண்ணுங்க. நான் வந்து காட்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டம் படித்த பெண் ஒருத்தி முன்னால் வந்து, "அக்கா, எனக்கு மொதல்ல காட்டுங்க" என்றாள்.

இப்போது அவள் பொறுப்பில் இரண்டு லைன்கள். அவளுடைய அம்மா வைத்தியம் பார்த்துத் தேறிவிட்டார். கனவு அடியோடு நின்றுவிடவில்லை. எப்போதாவது வருமாம். "வந்தா வந்துட்டுப் போவட்டும் மேடம்" என்கிறாள்.

வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் அவளைப் பற்றித்தான் ஆரம்பிப்பேன். "எத்தனாவது தடவை?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தக் கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை.