மல்லிபோல் வெட்டிய இத்தாலித் திராட்சை

“இந்த வருஷமும் காய்க்கலன்னா பந்தலப் பிரிச்சிடு தாஸு. அங்க ஃபோர்க்லிஃப்ட் ஷெட் போட்டுக்கலாம்.”

மேனேஜர் சார் எங்கள் சூப்பர்வைசர் தாஸிடம் இப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திராட்சைப் பந்தல் போனால் அதைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையும் போய்விடும். கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்கிற கம்பெனியில் தோட்ட வேலை எனக்கு. நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன்.

அது இத்தாலி வெள்ளைத் திராட்சை, மெஷினோடு அங்கிருந்து வந்த கொடி. கர்கானெகா என்று பெயர். எங்கள் வாயில் கனகா. அங்கே அதில் ஒயின் போடுவார்களாம். “யக்கா, சரக்கு எப்ப எறக்குவ?” என்று வெல்டிங் பையன்கள் கிண்டல் செய்வார்கள். கொடி வெறிபிடித்த மாதிரி படரும், காய் மட்டும் இல்லை. தோட்ட வேலை செய்கிற நாங்கள் எல்லாரும் மல்லித் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மல்லியை ஒட்ட வெட்டினால்தான் புதுக் கிளையில் பூ கொட்டும். அதே பழக்கத்தில் வருஷாவருஷம் திராட்சையையும் ஒட்ட வெட்டினோம்.

மார்கோ வந்தபோது

மெஷின் பழுது பார்க்க இத்தாலியிலிருந்து மார்கோ என்ற இன்ஜினியர் வந்தார். பந்தலைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். கிளையின் அடி மொட்டைத் தொட்டு விரலை ஆட்டினார். தள்ளியிருந்த மொட்டுகளைக் காட்டிச் சிரித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தாஸ் சார் தமிழில் சொன்னார்: “அடியில இருக்கறது வெறும் எல தானாம். தூரமா இருக்கறதுதான் காய்க்குமாம். நீட்டா வுட்டு வெட்டணுமாம்.”

மழை விட்டதும் வெட்டும் நாள் வந்தது. தாஸ் சார் பழையபடி ஒட்டக் கத்தரி வைத்தார்.

“சார், நீட்டா வுடணும்னு அவரு சொன்னாரே.”

“அவரு மெஷினுக்கு வந்தவரு. செடியப் பத்தி இன்னா தெரியும்?”

“அவுங்க ஊரு கொடியாச்சே சார். நாம வெட்டுனதுல ஒரு கொத்தாவது பாத்தமா?”

“காய்க்கலன்னா எனக்குத்தான் பேஜாரு.”

“காய்க்கலன்னா நானே புடுங்கிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போறேன்.”

அவர் வெட்டப்போன கிளையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கத்தரியைக் கொடுத்தார்.

காய்த்தபின்

அடி மொட்டுகள் இலையாகவே போயின. தள்ளியிருந்தவற்றில் கொத்து இறங்கியது. நீளக் கொத்து, நெருக்கம் இல்லாத காய், தடித்த தோல். பழுக்க மட்டும் ரொம்ப நாள் எடுத்தது. மேனேஜர் சார் பச்சையிலேயே பறிக்கச் சொன்னார். “மஞ்ச ஏறட்டும் சார்,” என்றேன். அதற்குள் எனக்குப் பேச வந்துவிட்டது.

பொன்னிறம் ஏறியதும் அவரே ஒரு பழம் வாயில் போட்டார்.

“பன்னீர் திராட்சை வாசனையே இல்லியேம்மா.”

“இது வேற சார். நல்லா மெல்லுங்க.”

இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கடைசியில் பாதாம் தோலின் லேசான கசப்பு. இன்னொரு கொத்து கேட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஷெட்டை ஸ்க்ராப் யார்டு பக்கம் போட்டுக்கொண்டார்கள்; பந்தல் நின்றது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தச் செடியானாலும் எங்கே காய்க்கும் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். கூச்சமாக இருந்தாலும் கத்தரி மூடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வெட்டி விழுந்த கிளையிடம் சொல்லிப் பயனில்லை.