வயிற்றில் இன்னும் ஒன்றரை அடி

“வருது!”

டிரைசெரடாப்ஸின் வயிற்றுக்குள்ளிருந்து அப்பாவின் குரல். வெளியே மண்டியிட்டிருக்கும் நான் கையைச் சட்டென்று விலக்குவேன். தோலைத் துளைத்துக்கொண்டு ஊசி வரும். இழுத்து இறுக்கி, ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி உள்ளே அனுப்புவேன். அவர் அங்கே இழுப்பார். நைலான் நூல் உரசும். மறுபடி, “வருது!”

குரல் கொடுக்காமல் அவர் ஒரு ஊசியைக்கூட அனுப்பியதில்லை. “அந்தப் பக்கமும் ஒரு ஆளு இருக்குல்ல?” என்பார்.

துபாயில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் தளம். வெள்ளிக்கிழமை காலை. பத்து மணிக்குக் கூட்டம் வந்துவிடும். எங்கள் முன்னால் நின்றது ஆறு மீட்டர் நீள மூன்று கொம்பு டைனோசர். இரும்புச் சட்டம், அதன்மேல் ஸ்பாஞ்சு, அதன்மேல் சிலிக்கான் தோல். ஸ்விட்ச் போட்டால் தலையாட்டும், கண் சிமிட்டும், உறுமும். ஒரு பள்ளிச் சுற்றுலா மொத்தமாக முதுகில் ஏறியதில் முன்னங்காலிலிருந்து பின்தொடை வரை கிழிந்துவிட்டது. மூன்று மீட்டர் இருபது. அதாவது இருநூற்றைம்பத்தாறு தையல். நான் குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்; விடுமுறையில் அப்பாவுக்கு உதவ வந்திருந்தேன். இப்படிக் கணக்குப் போடாமல் எனக்கு வேலை ஓடாது.

அப்பாவுக்குப் பேசாமல் ஓடாது. ஏறக்குறைய இருபது தையலுக்கு ஒரு தகவல் வயிற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே மாநிலத்தைப் பற்றி.

“ஏத்தா ஜோதி, நார்த் டகோட்டா நம்ம தமிழ்நாட்ட விடப் பெரிசு. ஆளு எம்புட்டுங்கிற? எட்டு லட்சம்! கராமால நாலு தெருவுல இருக்காய்ங்க அம்புட்டுப் பேரு.”

“அவ்வளவெல்லாம் இருக்க மாட்டாங்கப்பா.”

“எங்க ரூமுக்கு வந்து எண்ணிப் பாரு.”

அடுத்த இருபது. “அரசாங்கமே சட்டம் போட்டுச் சொல்லிருக்கு, எங்க மாநில பானம் இன்னதுன்னு. என்னங்கிற? பாலு! பாலுத்தா!” அவர் சிரித்த சிரிப்பில் டைனோசரின் வயிறு குலுங்கியது.

அடுத்தது: “ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தாறுல பிப்ரவரி மாசம் மைனஸ் அம்பத்தொண்ணு. சூலைல நாப்பத்தொம்பது. ஒரே மாநிலம், ஒரே வருசம்! கம்பளிய மடிச்சு வைக்கிறதுக்குள்ள சட்டையக் கழட்டணும்.”

இருநூற்றிருபதாவது தையலில் மணி பத்தாகி, எங்களை மறைத்திருந்த திரை விலகிவிட்டது. ஒன்றரை அடி இடைவெளி மிச்சம். இந்த மாடலுக்குக் கதவு கிடையாது. அந்த இடைவெளி வழியாக அப்பா தலையை முதலில் நீட்டி, தோளைச் சரித்து, ஸ்பாஞ்சுத் தூளோடு வெளியே வழுக்கி விழுந்தார். ஒரு சிறுமி அலறினாள். அவளுடைய தம்பி ஆங்கிலத்தில் கத்தினான், அது குட்டி போடுகிறது என்று.

அப்பா தரையில் கிடந்தபடியே விரலை உயர்த்தி, குட்டி இல்லை முட்டை என்று இந்தியில் திருத்தினார். “பேட்டா, பச்சா நஹி. அண்டா. ஒன்லி அண்டா!”

பராமரிப்பு சூப்பர்வைசர் பாலமுரளி ஓடி வந்தார். “முடிஞ்சுதாண்ணே?”

“ஒன்றரை அடி இருக்கு சார். அடுத்த வெள்ளி. உள்ள ஆளு வேணாம், வெளியருந்தே வளைஊசில மூடிரலாம். மேல சிலிக்கான் பூசுனா எங்க தச்சேன்னு நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க.”

பாலமுரளி ஒரு பிளாஸ்டிக் செடியை நகர்த்தி இடைவெளியை மறைத்தார். நான் அன்று மாலை விமானத்தில் குவைத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை, துபாயில் அவர் தங்கியிருந்த கராமாவில், பஸ் நிறுத்தத்தில், அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஒன்பது நிமிடம் போதவில்லை.

ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறவள் இதையெல்லாம் முன்னால் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை முனியசாமி. ஷார்ஜா தொழில்பேட்டையில் இருபத்தாறு வருடம் குஷன் வேலை. கார் சீட், லாரி சீட், ஒருமுறை ஒரு ஒட்டகப் பந்தயக்காரரின் சோபா.

ஏழு வருடம் முன்பு, கால்முட்டி கிழிந்திருந்த இதே டைனோசரைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். செய்த கம்பெனி சீனாவில் இருந்தது; அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்ட முதல் கேள்வி, “இது எந்த ஊரு?” வளைகுடாவில் நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்விதான். ஊர் தெரியாமல் அவர் எவரோடும் வேலை செய்ததில்லை. காவலாளி பலகையைப் படித்துச் சொன்னார்: எலும்பு கிடைத்த இடம், நார்த் டகோட்டா, அமெரிக்கா.

“அடேயப்பா! அங்கருந்தா வந்து நிக்கிது?” என்று கொம்பைத் தடவிக் கொடுத்தாராம்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் எனக்கு போன். “நார்த் டகோட்டா பத்திப் புதுசா ஏதாச்சும் படிச்சியா?” நான் படித்துச் சொல்வேன்; வாரம் முழுக்க அவர் அதை விநியோகிப்பார். புல்வெளியில் நிற்கும் காட்டெருமை, ஒன்று தொள்ளாயிரம் கிலோ. மண்ணுக்குள் ஊர் கட்டி வாழும் ஒருவகை அணில், ஆபத்தென்றால் நாயைப் போலக் குரைக்கும். “கேம்ப்புல போர்மேன் வந்தா நம்ம பயலுக விசில் அடிக்கிறாய்ங்கள்ல, அதே டெக்னிக்கு!” ஒரு காலத்தில் அங்கே முதலையும் பனை இன மரமும் இருந்தன என்று ஒருமுறை சொன்னேன். “பனைன்னா நொங்கு இருந்திருக்கும்ல?” என்றார்.

கைபேசியில் மூன்று ஊர் வானிலை வைத்திருந்தார்: துபாய், அருப்புக்கோட்டை, பிஸ்மார்க். பிஸ்மார்க் நார்த் டகோட்டாவின் தலைநகரம். ஊரில் இருந்த அம்மா சீதாலட்சுமிக்கு அதில் தீராத கோபம். “அங்க பனி கொட்டுதாம், பாவமாம். இங்க மூணு நாளா மழை, வீட்டுக்குள்ள தண்ணி. அதைக் கேக்கத் துப்பில்ல!”

கராமா ரூமில் அவருக்கு ‘டகோட்டா’ என்றே பேர். வைத்தவர் கீழக்கரை செய்கு அலாவுதீன், அடுத்த கட்டில்காரர், பர்தா துணி வியாபாரி. “டகோட்டா அண்ணே, லீவுக்கு எங்க? ஊருக்கா, மாமியார் வீட்டுக்கா? மாமியார் வீட்ல மைனஸ் இருபதாமே!”

“பாத்துட்டு வருவமாப்பா?” என்று நானும் ஒருமுறை கேட்டேன்.

“எதுக்குத்தா? அதுவே பொழப்பத் தேடி இங்க வந்திருக்கு. நான் அங்க போயி என்ன பண்ண?”

முதல் வேலையில் ஒரு தவறு செய்தார். கார் சீட் கை சும்மா இருக்குமா? கால்முட்டியைத் தைத்து முடித்து, தையல்மேல் அரக்கு நிறத்தில் அழகாகப் பைப்பிங் வைத்துவிட்டார். அறுபத்தாறு மில்லியன் வருடத்துப் பிராணி, முட்டியில் டொயோட்டா சீட்டின் ஓரப்பட்டி. நிர்வாகம் கத்தியது. “தையலை அப்படியே விட்டா அசிங்கமா இருக்கும் சார்,” என்று அப்பா கடைசிவரை வாதாடினார். பைப்பிங் இரண்டு வருடம் இருந்தது.

பிறகு அதை அவரே பிரித்தார். நார்த் டகோட்டாவில் ஒரு வாத்துவாய் டைனோசர் தோலோடு கிடைத்திருக்கிறது. எலும்பு மட்டுமல்ல, தோல், செதில், மடிப்பு எல்லாம் கல்லாகி அப்படியே இருக்கிறது. படத்தை அனுப்பினேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து போன்.

“ஜோதி. ஜாயிண்டே இல்லத்தா.”

“எதுலப்பா?”

“தோல்ல. எங்கயும் ஜாயிண்டு இல்ல. அம்புட்டுப் பெரிய உடம்பு! எப்படித்தா மூடுனாய்ங்க?” குரலில் அப்படி ஒரு குதூகலம். “நானும் ஒண்ணு அப்படித் தைக்கணும். தொட்டுப் பாத்தாலும் எவனும் கண்டுபிடிக்கக் கூடாது.”

ஐந்து வருடம் பழகினார். டிரைசெரடாப்ஸின் வயிறுதான் அந்த ஒன்று. இருநூற்றிருபது தையலை நானே தடவிப் பார்த்தேன். சிலிக்கான் பூசுவதற்கு முன்பே விரலுக்குத் தட்டுப்படவில்லை.

நாற்பது நாள் கழித்து பாலமுரளி அழைத்தார். “சிஸ்டர், மன்னிச்சுக்குங்க. அந்த மிச்ச இடத்த பெரிய கிளிப் அடிச்சு மூடச் சொல்லிட்டாங்க. கிளிப் அடிக்கிற ஆளுங்க வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர்றாங்க. அதுவரைக்கும்தான் என்னால நிறுத்தி வைக்க முடியும்.”

வியாழன் மாலை டூட்டி முடிந்ததும் விமானம் ஏறினேன்.

காலை எட்டரைக்கு அலாவுதீன் மாமா அப்பாவின் கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மூன்றாம் தளத்துக்கு வந்து மூச்சு வாங்கினார். டைனோசரின் வயிற்றைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். “ஜோதிம்மா, உள்ள ஆளு வேணும்னு மட்டும் சொல்லிராத. நான் உள்ள போனா வெளிய எடுக்க கிரேன் கேக்கணும்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நீண்ட நேரம் துடைத்தார்.

“வேணாம் மாமா. வளைஊசி போதும்.”

பெட்டியைத் திறந்தேன். கத்தரி, மெழுகுக் கட்டி, நைலான் நூல் மூன்று உருண்டை, நேர் ஊசி நான்கு. வளைஊசி இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை.

“அண்ணன் ஒரு குண்டூசியக்கூடத் தொலைக்க மாட்டாரேம்மா,” என்றார் மாமா.

தொலைக்க மாட்டார். யார் கையிலும் கண்டபடி கொடுக்கவும் மாட்டார். எனக்குப் பத்து வயதில், விடுமுறைக்கு வந்திருந்தவரிடம் ஒரு கோணி ஊசியைக் கூர்முனை முன்னால் இருக்க நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். “காதுப் பக்கம் குடுக்கணும்த்தா. கூரு நம்ம பக்கம்.” திருப்பிப் பிடித்த பிறகுதான் வாங்கினார்.

மணி ஒன்பதே கால். கீழே கிளிப் ஆட்கள் வந்துவிட்டதாக பாலமுரளியின் வாக்கிடாக்கி சொன்னது. பிளாஸ்டிக் செடியை நகர்த்தினேன். தரையில் படுத்து, ஒன்றரை அடி இடைவெளியில் கையைத் தோள்வரை விட்டேன். இருட்டு. இரும்பு, ஒயர், ஸ்பாஞ்சு. தையல் நின்ற இடத்தை விரலால் தேடிப் போனேன். அங்கே, உள்பக்க விளிம்பில், வளைஊசி இருந்தது. நூல் கோத்து, மெழுகு தேய்த்து, முடிச்சும் போட்டிருந்தார். கூர் முழுவதும் ஸ்பாஞ்சுக்குள் புதைந்திருந்தது. காதுப் பக்கம் என் கைக்கு வந்தது.