பேச்சியம்மாள் விரல் வைத்த இடம்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் சொன்னார். பாளையங்கோட்டைச் சந்தையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே, "வாத்தியாரய்யா, நம்ம பேச்சியக்கா போயிட்டாள்லா. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அந்த அம்மாள் என்னிடம் எதையும் கேட்க முடியாது என்ற நிம்மதி. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் அவரை அறிந்த உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் நாற்று நடுவார். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூட்டிப்போவார்கள். பேச்சு அறுந்த பங்காளிகள்கூட அவர் இரண்டு அடி பாடியதும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

ஐரோப்பாவிலுள்ள ஒரு சர்வகலாசாலையில், உலகத்து மக்கள் எல்லாம் இறந்தவர்களை எப்படிப் பாடி அழுகிறார்கள் என்று ஆராய்ந்த துரை ஒருவர், எங்கள் பள்ளிக்கூடப் பாதிரியார் மூலம் எனக்கு எழுதினார். தமிழ் ஒப்பாரி வேண்டும், பாடுகிறபடியே வேண்டும் என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பேச்சியம்மாளிடம் போனேன்.

"ஒரு தடவை சொல்லுங்க அக்கா, எழுதிக்கிடுதேன்."

"நல்லாருக்கே! சாவில்லாத வீட்டுல ஒப்பாரி சொன்னா வீடு விளங்குமாய்யா? எவனாவது சாகட்டும், ஆளனுப்புதேன்" என்று சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில், அணைக்கட்டுப் பக்கம் குளிக்கப் போன அவருடைய ஒரே மகனை ஆறு இழுத்துக்கொண்டு போயிற்று. செய்தி கேட்டதும் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இன்று கிடைத்துவிடும் என்று மனம் துள்ளியது. ஆமாம், துள்ளியது.

பெண்கள் கட்டிப்பிடித்து அழுத வட்டத்துக்குப் பின்னால், ஓலை மறைப்பை ஒட்டி நின்று எழுதினேன். மகனைப் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி அழுதார். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். அதன்பின் ஒவ்வோர் அடியையும் இரண்டு தரம் சொன்னார். எனக்கு வசதியாகப் போயிற்று.

துரைக்கு அனுப்பிய பிரதியில் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். எந்தத் தாய்க்கும் பொருந்துகிற பாட்டாக இருந்தால் மதிப்புக் கூடும் என்று நானே முடிவு செய்து, பெயர் வந்த இடமெல்லாம் 'மகனே' என்று போட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் கப்பலில் வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

கேள்விப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நடந்தே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார் பேச்சியம்மாள்.

"அன்னைக்கு நீரு எழுதுததைப் பாத்தேன்யா. விட்டுருவீரோன்னுதான் ரெண்டு ரெண்டு தடவை சொன்னேன். எம் புள்ள பேரு கடலுக்கு அங்கன போயிருச்சுல்லா? எந்த இடத்துல இருக்கு, காட்டும்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. முன்னுரையில் என் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.

"இதுதான் அக்கா."

பையத் தடவினார். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போதும்யா. இனி நான் செத்தாலும் அவன் இருப்பான்" என்றார்.

அதன்பிறகு வருஷந்தோறும் மகன் இறந்த நாளில் வருவார். நானும் அதே இடத்தைக் காட்டுவேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன். மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று ஏதாவது சாக்கு அகப்படும். துரைக்கு எழுதித் திருத்தச் சொல்லியிருக்கலாம். ஐரோப்பாவில் சண்டை வந்து தபால் நின்றுபோனது உண்மைதான். அதற்கு முந்திய வருஷங்களில் என் கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, பென்சிலால் கிறுக்கிய அந்த முதல் பிரதி மட்டுமே. அதில் அவர் சொன்ன இடத்திலெல்லாம் அவர் மகன் பெயர் அப்படியே இருக்கிறது. சுடலைமுத்து. இப்போது இந்தப் பத்திரிகையில் அச்சிலும் ஏறிவிட்டது. காட்டுவதற்குத்தான் அவர் இல்லை.