அக்கா ஊர் ஏரி

என் அக்காவும் நானும் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்க்கைப்பட்டோம். அவள் ஊர் மேட்டில் இருக்கிறது, என் ஊர் பள்ளத்தில். அவர்கள் ஏரி நிரம்பிக் கோடி போனால்தான், அதாவது கரையின் கடைசியில் நட்டிருக்கும் கல்வரிசையைத் தாண்டி வழிந்தால்தான், எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும். எனக்கு வரன் தேடியபோது எங்கள் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

எனக்கு அக்காமேல் பொறாமை. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சின்ன வயதில் அவளுடைய முடிமேல் பொறாமை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும், எனக்கு எலிவால். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய மாமியார்மேல். மருமகளுக்குக் காபி கலந்து கொண்டுவந்து கொடுக்கிற மாமியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவளோ இதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டாள். பார்க்கும்போதெல்லாம் "இன்னாடி, எளச்சிட்ட?" என்று கேட்டுக்கொண்டு வருவாள். எனக்கு இன்னும் எரியும்.

ஏரி விஷயத்தில் மட்டும் பல வருடம் நிம்மதியாக இருந்தேன். இரண்டு ஏரியும் ஒன்றுபோலக் காய்ந்து கிடந்தன. அவர்கள் நிலத்திலும் சீமைக்கருவேலம், எங்கள் நிலத்திலும் சீமைக்கருவேலம். நாங்கள் வானத்தைப் பார்த்து மல்லாட்டை விதைப்போம். மண்ணுக்குள் கடலை பிடிக்கிற நேரம் பார்த்து மழை நின்றுவிடும். கட்டுப்படியாகாமல் நான் திருவண்ணாமலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல். விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய் யாரோ சாப்பிடுவதற்கு இட்லி ஊற்றுவேன். வீட்டில் ரேஷன் அரிசி. ஒரே ஒரு போகம், சொந்த நிலத்தில் நெல் விளைந்து, அந்த அரிசியில் என் வீட்டில் சோறு பொங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

அப்போதுதான் அக்கா ஊரில் ஏரி வேலை ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். மலைப்பக்கத்திலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் எங்கே இருக்கிறது என்றே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. அதைத் தேடிப்பிடித்து முள்ளை வெட்டினார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள் டீசலுக்குப் பணம் அனுப்ப, ஜேசிபி வைத்துத் தூரெடுத்தார்கள். யார் வீட்டிலிருந்து ஆள் வரவில்லையோ, அந்த வீட்டு வாசலில் என் அக்கா போய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாளாம். திட்ட மாட்டாளாம், பேசவும் மாட்டாளாம். உள்ளே இருக்கிறவர்களுக்கே சங்கடமாகி எழுந்து வந்துவிடுவார்களாம். இதை என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் விடுதி முதலாளியம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். அதில் அக்காவின் படம். தலையில் மண்கூடை, முகமெல்லாம் சிரிப்பு.

"இது உங்க அக்காவாமே? பஸ்ல வர பொண்ணு சொல்லுச்சு. பெரிய ஆளுங்க உங்க அக்கா!"

"ஆமாங்க" என்றேன். அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் தண்ணீராகக் குடித்தார்கள்.

அந்த மழைக்கே அவர்கள் ஏரி நிரம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலேரியை அக்கா என்போம், கீழேரியைத் தங்கச்சி என்போம். மேலேரி கோடி போனால் அந்த ஊர்ப் பெண்கள் மேளத்தோடு, தட்டில் புடவையும் வளையலும் மஞ்சளும் வைத்து, எங்கள் ஏரிக்கரையில் இருக்கும் கன்னிமார் சாமிக்குச் சீர் கொண்டுவருவார்கள். நாங்கள் எதிரே போய்க் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அப்படி ஒரு சீர் வந்ததே இல்லை. இப்போது வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவள் என் அக்கா. ஊர்ப் பெண்கள் எல்லாம் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். "ஒங்க அக்காதான, நீயே வாங்கு."

வாங்கினேன். கையில் தட்டு கனத்தது. அவர்கள் ஏரியில் வழிந்த மிச்சம் எங்கள் ஏரிக்கு வந்து, மண்டிக் கிடந்த முள்ளுக்குள் சேறாகிக் காய்ந்தும் போனது. வீட்டுக்கு வந்து அவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததுமாக ஒரு மணி நேரம் பேசினேன். வீட்டுக்காரர் பாதியில் எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

அடுத்த கோடையில் எங்கள் ஊரும் இறங்கியது. நல்ல எண்ணத்தில் இறங்கினோம் என்று சொன்னால் பொய். ஊருக்கே என் வியாதி தொற்றியிருந்தது. டீக்கடையில், ரேஷன் கடையில், நூறு நாள் வேலையில், எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. அவுங்க எவ்ளோ ஆழம்? நாம அதவிட ஜாஸ்தி போடணும். முள் வெட்டும்போது எங்கள் ஊரில் பேசாத பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். வேலைக்கு வராதவர்களைப் பெயர் சொல்லிக் கிண்டலடித்தோம். விடுதியில் லீவு சொல்லிவிட்டு நானும் கூடை தூக்கினேன். ஏரி அடியில் கிடந்த வண்டல் கறுப்பாக, கையில் எடுத்தால் வெண்ணெய்போல இருந்தது. டிராக்டர் டிராக்டராக நிலத்துக்கு ஏற்றினோம். மதகுக்குப் பக்கத்தில்தான் நல்ல வண்டல் என்று அங்கேயே இன்னும் இன்னும் தோண்டினோம்.

அக்கா ஒருநாள் பார்க்க வந்தாள். பள்ளத்தின் விளிம்பில் நின்று மதகைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள்.

"ஏய், போதும்டி. மதகு வாய்க்குக் கீழ போயிட்டீங்க. தண்ணி நின்னாலும் வெளிய வராது."

"நீங்க மட்டும் தோண்டலாமா?" என்றேன்.

"நாங்க மதகு மட்டத்துக்கு மேலதான் எடுத்தோம். எங்கூர்ல வந்து பாரேன்."

எல்லோரும் பார்க்க, நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவள் போனதும் சுற்றி இருந்தவர்களிடம் சொன்னேன், "பாத்தீங்களா, வயித்தெரிச்சல்." அவளுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்து அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. அடுத்த நாள் இன்னும் ஆழமாக எடுத்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அக்கா ஊர் ஏரி நிரம்பி வழிந்தது. இந்த முறை எங்கள் ஏரியிலும் கண்ணுக்கெட்டின வரை தண்ணீர். கரையில் நின்று செல்போனில் படம் பிடித்தோம். மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது. நான் பக்கத்து நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் நாற்று விட்டிருந்தேன். நல்ல பச்சை. தீபத்துக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் நடவை முடித்துவிட வேண்டும், தீபத்துக்கு விடுதியில் லீவு கேட்க முடியாது.

மழை நின்றது. ஊரே கூடி, கற்பூரம் ஏற்றி, மதகைத் திறந்தோம்.

ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் தண்ணீர் மதகு வாய்க்கு ஒரு முழம் கீழே, அசையாமல் நின்றது. ஏரி நிறையத் தண்ணீர், வாய்க்காலில் சொட்டு இல்லை. ஒருவர் எஞ்சின் வைத்து இறைக்கலாம் என்றார். அத்தனை நிலத்துக்கும் ஒரே நேரத்தில் நடவுக்கு இறைக்க எத்தனை எஞ்சின் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். என் நாற்று அப்போதே நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வயது தாண்டின நாற்றை நட்டால் தூர் கட்டாது.

வழி ஒன்றுதான் இருந்தது. மேலேரியில் கோடிக்கற்களுக்கு நடுவே மண்மூட்டைகளை அடுக்கி, மழைக் கடைசியில் வந்த தண்ணீரை அவர்கள் கூடுதலாகத் தேக்கி வைத்திருந்தார்கள். அந்த மூட்டைகளை எடுத்தால் தண்ணீர் எங்களுக்கு வரும், எங்கள் ஏரி மதகு மட்டத்துக்கு ஏறும். அதை யாராவது போய்க் கேட்க வேண்டும். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. செத்தாலும் போக மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து நாற்றங்காலைப் பார்த்தேன். போனேன்.

அக்கா வீட்டில் இல்லை. கோடிக்கரையில் இருப்பதாக அவள் மாமியார் சொன்னார், காபியும் நீட்டினார். வாங்காமல் போனேன். அங்கே அவர்கள் ஊரே கூடியிருந்தது. நடுவில் என் அக்கா. நான் பனைமரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"மூட்டைய எடுத்துட்டா கடைசித் தண்ணிக்கு நாம இன்னா பண்றது?" என்று அவர்கள் ஊர்ப் பெரியவர் கேட்டார். "மழ வரலன்னா மொத அடி கடைமடைக்குத்தான். உன் நெலம் கடைமடைலதான இருக்குது?"

"தெரியும்ணா. தெரிஞ்சிதான் கேக்கறேன்."

"தங்கச்சி ஊருன்னா உன் வூட்டுக் கொடத்துலேந்து வுடு!" என்று யாரோ கத்தினார்கள். சிரித்தார்கள். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போதுகூட எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஊர் முழுக்க எதிரே நிற்க, அவள் ஒருத்தி நிற்கிறாள். என் ஊருக்காக நான் நிற்க வேண்டிய இடத்திலும் அவளே போய் நின்றுவிட்டாள். அந்த எரிச்சல்தான் என்னை வெளியே தள்ளியது. நேரே போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"அவளக் கேக்காதீங்க. நான் கேக்கறேன். தண்ணி வுடுங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கூரு ஏரியவிட உங்கூரு ஏரி ஆழம்னு சொல்லினு இருந்தீங்களே?"

"ஆழம்தாங்க. அதான் வந்து நிக்கறேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் பேசினார்கள், சத்தம் போட்டார்கள். கடைசியில் மூட்டைகளை எங்கள் ஊர் ஆட்களே வந்து எடுக்க வேண்டும், வருகிற கோடையில் மதகுப் பக்கத்துப் பள்ளத்தை மூட வேண்டும் என்று முடிவானது. மறுநாள் தண்ணீர் இறங்கியது. எங்கள் ஏரி மெல்ல ஏறி மதகைத் தொட்டது. நாற்று முழுக்க மஞ்சளாவதற்குள் நட்டு முடித்தோம்.

அதற்குப் பிறகு மழை இல்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு ஊருக்கும் தண்ணீர் தீர்ந்தது. எங்களுக்குப் பள்ளத்தில் நின்றது மிச்சம் இருந்தது. கடைசித் தண்ணீருக்கு அதை எஞ்சின் வைத்து ஆளுக்குக் கொஞ்சமாக இறைத்துக்கொண்டோம். எங்கள் முட்டாள்தனம் எங்களையே காப்பாற்றியது. அக்கா ஊரில் மதகுக்குப் பக்கத்து நிலங்கள் தப்பின. கடைமடை காய்ந்தது, அக்கா நிலமும் அதோடு. எங்கள் தண்ணீரை அவர்களுக்கு அனுப்பலாம் என்றால், தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

அறுவடை மெஷின் வருவதற்கு முந்தின நாள் அக்கா என் நிலத்துக்கு வந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். கதிர் கனத்துத் தலைசாய்ந்து நின்றது. "இன்னாடி, எளச்சிட்ட" என்று அவள் கேட்கவில்லை.

"எவ்ளோ வரும்?" என்றாள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் குரல். வாழ்நாள் முழுக்க நான் அவளிடம் எதைக் கேட்டாலும் அந்தக் குரலில்தான் கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தேன். முகமும் அப்படித்தான் இருந்தது. அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். இப்போது எதிரே இருந்தது, என்னால் பார்க்க முடியவில்லை.

"கம்மிதான்கா" என்றேன். "பாதிக்கு மேல பதரு."

அவள் குனிந்து ஒரு கதிரை உருவினாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினாள். ஒன்றும் பறக்கவில்லை. கை நிறைய நெல் அப்படியே இருந்தது.

"ஆமாண்டி" என்றாள். "பதருதான்."