ஆளில்லை என்று சொன்னேன்

நானும் என் மனைவி செல்வியும் தூத்துக்குடிக்காரர்கள். ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை, பாகலூரில் வாடகை வீடு. அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஊரில் என் மாமியார் கால் ஒடிந்து படுத்துவிட்டார். வளைகாப்பு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன்.

வீட்டுக்கார அம்மா ரத்னம்மா கேட்டார்: "சீமந்தம் எப்பப்பா?"

"வளையல் போட ஆளில்லக்கா."

"ஆளில்லையா? அப்ப நான் யாரு, உன் வீட்டு கரன்ட் மீட்டரா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மா அழைத்து, செல்வியோடு வேலை செய்யும் பெண்கள் பதினாறு பேர் வந்தார்கள். கம்பெனியில் கண்ணாடி வளையல் போடக்கூடாது. அதனால் எல்லாருக்கும் வெறும் கை. ஆனால் டிபன் பாக்ஸ் நிறைய வளையல்.

"அண்ணா, கம்பெனிலதான் தடை. இங்க எங்க ராஜ்ஜியம்!" என்றாள் ஒருத்தி.

ரத்னம்மா முதல் வளையலைப் போட்டுக் கன்னடத்தில் பாடினார். போனில் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், பாட்டு புரியாமலேயே குலவை போட்டார்.

வளையல் முழங்கை வரை ஏறியது. செல்வியால் கையை மடக்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் நான்தான் புளிசாதம் ஊட்டினேன்.

"ஆளில்லன்னீங்க?" என்று சிரித்தாள்.

அடுத்த வாய் ஊட்டினேன். ஒருவரையும் கேட்காமலேயே ஆளில்லை என்று முடிவு கட்டியவன் நான். அன்று என் வாசலில் செருப்பு விட இடமில்லை.