வடமதுரைக்கு ஒரு வோல்ட் மீட்டருடன்

மாலை நாலரைக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. வடமதுரைக்குப் பதினோரு மைல்; டிக்கெட் ஐம்பது காசு. மடியில் வோல்ட் மீட்டர் பெட்டி. நான் வேலை பார்த்த பஸ் கம்பெனிக்கு எட்டு வண்டிகள். எட்டிலும் பாட்டரி நோஞ்சான். வடமதுரையில் இரவு தங்கும் வண்டியை விடியலில் பயணிகள்தான் தள்ளிக் கிளப்புவார்கள். கிளம்பாத நாளில் அந்த ஊர் மல்லிகைப்பூ திண்டுக்கல் ஏலத்தைத் தவறவிடும். அங்கேயே பாட்டரி சார்ஜ் செய்யக் கொட்டகை போடலாமா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். முடியாதென்றால் வண்டி இனி அங்கே தங்காது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டிரைவர் அருளப்பன் வடமதுரைக்காரர். "நல்லபடியா எழுதுங்க சார். இந்த வண்டிய நம்பித்தான் அம்புட்டுப் பேரும் பூப் போட்டிருக்காக" என்றார்.

ஏழு மணிக்கு டீக்கடை பிளக்கில் மீட்டரைச் செருகினேன். இருநூற்று இருபது! தாராளம். நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

காலை வண்டியில் தினமும் பூக்கூடை ஏற்றும் பாண்டியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அளந்தது செல்லாது சார். நேத்து மழை கொட்டித் தீத்துருச்சுல்ல, எவன் மோட்டார் போடுவான்? நிலம் காயட்டும், ராப்பூரா ஓடும். அப்ப இந்த பல்பு மின்மினிப் பூச்சிதான்."

அருளப்பன் முகம் தொங்கிவிட்டது. "செத்த நேரம் சும்மா இருக்கமாட்டியா ஆத்தா?"

"சும்மா இருந்தா கொட்டகை வந்துரும் அப்பு. வண்டி கிளம்புமா?"

மூன்று நாள் அருளப்பன் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி வைத்த கத்தரிக்காய் வெஞ்சனம் இன்னும் நாக்கில் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை வயலெங்கும் மோட்டார் சத்தம். மீட்டரில் நூற்று அறுபது. கொட்டகை யோசனை அதோடு போயிற்று.

சோற்றில் கை வைத்தபடியே யோசித்தேன். டவுனில் மின்சாரம் இப்படிப் படுத்துவதில்லை. வண்டிக்கு இரண்டு பாட்டரி வாங்கினால் ஒன்று ஓடும்போது மற்றது திண்டுக்கல் ஷெட்டில் சார்ஜ் ஆகுமே. கடைசி டிரிப்புக்கு முன் மாற்றிக்கொண்டால் போதும். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து எழுதினேன்.

மறுநாள் விடியற்காலை பூக்கூடைகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு திரும்பினேன். பிரிய மனமில்லை. முதலாளி என் தாளைப் படிக்கவே இல்லை. "வண்டி அங்கன தங்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"தங்கலாம்" என்றேன்.

பிறகு எத்தனையோ பெரிய ஊர்களில் பஸ் டிப்போக்களுக்கு மின்சார ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொன்ன சந்தோஷம் எதிலும் வரவில்லை.