மாடியில் குடிவந்த பொறாமை

கதவுக்கடைக்காரருக்குக் கடை திறப்பதற்கு முன் இன்னொரு தொழில் உண்டு. பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை மனைவியின் முன்னால் உட்கார்ந்து விடுவிப்பது. அவள் காய் நறுக்குவாள். இவர் குறிப்பை உரக்கப் படித்துப் பாடமும் நடத்துவார்.

"குறிப்போட ஒரு ஓரத்துலதான் அர்த்தம் இருக்கும். மீதியெல்லாம் சொல்லை வெட்டி ஒட்டுற வேலை. மேலே சொல்ற கதையை நம்பினே, தொலைஞ்சே."

அவள் "அப்படியா?" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த "அப்படியா"வில்தான் மனிதரின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

மாடிக்குப் பல் டாக்டர் ஒருவர் குடிவந்தார். உலர்ந்த துணிகளோடு இறங்கி வந்த மனைவி, "அவரும் குறுக்கெழுத்துக் கட்டம் போடுவாராம்" என்றாள். அன்றைக்கே இவர், டாக்டருக்கு இந்த வயதிலும் இத்தனை முடி எதற்கு என்று கேட்க ஆரம்பித்தார்.

பிறகுதான் அந்தக் குறிப்பு வந்தது: 'மரத்தில் முழுமை பெறாத கதவைப் பதித்தால் பச்சைக் கல் (5).'

கதவு என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தான் நடத்திய பாடத்தைத் தானே மறந்து, நிலைச்சட்டம், கீல், தாழ்ப்பாள் என்று கடையையே கட்டங்களுக்குள் ஏற்றிப் பார்த்தார். எதுவும் அடங்கவில்லை. சாயங்காலம் மனைவி மாடிக்குப் போய்வந்தாள்.

"மரகதமாம். கதவுல கடைசி எழுத்தைத் தூக்கிட்டு, மரத்துக்கு நடுவுல செருகணுமாம். டாக்டர் சொன்னார்."

"அரைக்கதவை எவன் மரத்துல பதிப்பான்? கதவு விக்கிறவன் நானா, அவனா?"

"சரிங்க. பேப்பர்காரன் மேலதான் தப்பு."

கட்டங்களைக் காலியாகவே விட்டார். மறுநாள் விடையில் மரகதம் பல்லிளித்தது.

ஆளைக் கிட்டத்தில் பார்த்தே தீருவது என்று, வலிக்காத பல்லைக் காட்டிக்கொண்டு டாக்டரின் கிளினிக் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி உற்சாகமாகப் பேசினார்.

"அண்ணிக்கு என்ன மூளை சார். நான் பாதியில விடறதையெல்லாம் அவங்கதான் முடிச்சுக் குடுக்கிறாங்க. அந்த மரகதத்துக்கு நான் முழிச்சிட்டு இருந்தேன். கொடியில துணி எடுத்துக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாங்க. இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க."

இவர் பெரிதாகவே திறந்தார். அதுவரை மாடியில் குடியிருந்த பொறாமை, அன்று அடுக்களைக்கு இறங்கி வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அவர் குறிப்புகளை வாய்விட்டுப் படிப்பதில்லை. கேட்டால் பல்வலி என்கிறார். அவளும் வற்புறுத்துவதில்லை. காயை நறுக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய், டாக்டர் வீட்டுப் பேப்பரில் கட்டத்தைப் போட்டுவிட்டு வருகிறாள்.